சென்னைக் குடிநீரும் ஆலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வரும்போதெல்லாம் பேச்சு இரண்டு பக்கம் போகும். ஒன்று, ஏரியில் எத்தனை அடி இருக்கிறது. இன்னொன்று, "எல்லாத்தையும் கம்பெனிக்காரன் உறிஞ்சிட்டான்." முதலாவதற்கு நாளிதழில் தினமும் கணக்கு வருகிறது. இரண்டாவதற்குக் கணக்கே கேட்காமல் தலையாட்டிவிடுகிறோம். ஊரும் ஆலையும் ஒரே நீருக்குக் கைநீட்டிய கதை அவ்வளவு நேரானதல்ல. இந்த விஷயம் பேச்சில் வந்தால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: ஏழுகிணறு வெட்டியது ஊர் மக்களுக்காகவா, கம்பெனிக்காகவா?

கம்பெனிக்காக. ஆனால் அது பொருள் உற்பத்தி செய்யும் கம்பெனி அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனி. 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் கொடுத்த யோசனையின்படி, கோட்டைக்கு வடக்கே பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் கிணறுகள் வெட்டி, அந்த நீரைக் குழாய் வழியாகப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டு போனார்கள். குடித்தது கோட்டைக்குள் இருந்தவர்கள். ஊரார் அதுவரை எப்படிக் குடித்தார்களோ, பிறகும் அப்படியேதான்: வீட்டுக் கிணறு, கோயில் குளம், தெருவில் தண்ணீர் விற்பவர். கிணறுகள் பின்வாங்கிவிட, பெயர் மட்டும் பேட்டையின் பெயராக நிலைத்தது. வள்ளலார் இளமையில் வாழ்ந்த வீடு இருப்பதால் இன்று பலருக்கு அந்த இடம் தெரியும்.

கேள்வி: அப்படியானால் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வந்தது?

1872-இல். அதற்கு முன்பே 1866-இல் ஃபிரேசர் என்ற பொறியாளர் திட்டம் போட்டிருந்தார். கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் நீரைத் திருப்புவது, புழலிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த மண் கால்வாயில் விடுவது, பிறகு வார்ப்பிரும்புக் குழாய்களில் தானாக ஓடவிடுவது என்பது ஏற்பாடு. வடிகட்டாத ஏரித் தண்ணீர் அது. மணல் வடிகட்டிகளும் நீராவி எஞ்சின் பம்புகளும் வந்தது 1914-இல், கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் கட்டப்பட்டபோது. அதாவது 42 வருஷம் சென்னை கலங்கல் தண்ணீரைக் குழாயில் பிடித்தது.

பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் வந்தது. அதற்காக மேயராக இருந்து அலைந்தவர் சத்தியமூர்த்தி. அதனால்தான் அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். நீர்த்தேக்கம் நிறைந்து நின்றதைப் பார்க்க அவர் இல்லை, 1943-இலேயே போய்விட்டார்.

கேள்வி: பி அண்ட் சி மில் போன்ற பழைய ஆலைகள் ஊர்த் தண்ணீரைக் காலி செய்தனவா?

பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876-இலும் கர்னாடிக் மில் 1881-இலும் தொடங்கின. ஊருக்குக் குழாய் வந்த அதே காலம். ஆனாலும் அந்தத் தலைமுறை ஆலைகளைப் பற்றிய உண்மையான குற்றச்சாட்டு அவை எடுத்த நீரைப் பற்றியதல்ல, விட்ட நீரைப் பற்றியது. இதில் துணி மில்களைவிடத் தோல் பதனிடும் தொழிலே முன்னால் நிற்கும். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. ஊருக்கே ஓர் இரசாயனத்தின் பெயர் வைத்துவிட்டு அதை மறந்தும் போனது நம் ஊர்தான்! பல்லாவரம் வட்டாரத்தில் தோல் ஆலைகளின் உப்பும் குரோமியமும் நிலத்தடி நீரில் இறங்கின. இறைத்த நீரை மழை ஈடுகட்டும், இறங்கிய குரோமியத்தை எந்த மழையும் எடுத்துப் போகாது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான்.

கேள்வி: "ஆலை உறிஞ்சியது" என்பது அப்போது கட்டுக்கதையா?

இல்லை. அதற்கு மணலி என்று பெயர்.

1960-களின் நடுவில் மணலியில் பெரிய ஆலைகளை வைக்க முடிவாயிற்று. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (இன்றைய சி.பி.சி.எல்.) 1969-இல் எண்ணெய் சுத்திகரிக்க ஆரம்பித்தது. உரத்தொழிற்சாலையான மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971 வாக்கில் உற்பத்திக்கு வந்தது. பக்கத்திலேயே எண்ணூர் அனல் மின் நிலையம். துறைமுகமும் ரயிலும் அருகில், நிலம் தாராளம், தண்ணீர்தான் இல்லை.

இத்தகைய ஆலைக்குத் தண்ணீர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். உரத்துக்குள்ளோ பெட்ரோலுக்குள்ளோ தண்ணீர் கலப்பதில்லையே? இரண்டு வேலை. ஒன்று கொதிகலன்: நீராவி இல்லாமல் இந்த ஆலைகளில் எதுவும் நகராது. இரண்டாவது குளிர்விப்பு: சூடான எண்ணெயையும் வாயுவையும் ஆற வைக்கும் நீர், கோபுரம்போல் நிற்கும் குளிர்விப்பானில் மேலிருந்து கொட்டிக் காற்றில் ஆறி, மறுபடி உள்ளே போகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட ராத்திரி பகல் பாராமல் புது நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஆலையிலிருந்து எழும் வெள்ளைப் புகை போலத் தெரிவதில் பெரும்பகுதி இந்த ஆவிதான்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் படிய வைத்த மணல் அடுக்குகளில் நிறைய நன்னீர் இருப்பதாக 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு சொன்னது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டி மணலிக்கு நீர் அனுப்பினார்கள். காகிதத்தில் நியாயமான யோசனை: ஏரி ஊருக்கு, நிலத்தடி நீர் ஆலைக்கு.

கேள்வி: மீஞ்சூரில் கடல் உள்ளே வந்தது என்கிறார்களே, அது எப்படி?

கரையோரத்து மணலுக்கு அடியில் நன்னீரும் உப்புநீரும் ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்தைவிட உயர்ந்திருக்கும் வரை அது உப்பைத் தள்ளிப் பிடிக்கும். நாம் இறைத்து இறைத்து அந்த மட்டத்தைக் கடல் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டால், எல்லைக்கோடு நிலத்தை நோக்கி நகரும். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் கேட்காது. ஒரு நாள் கிணற்று நீர் கரிக்கும், அவ்வளவுதான்.

மீஞ்சூர் பக்கம் இந்தக் கோடு 1960-களின் கடைசியில் கரையிலிருந்து சில கிலோமீட்டரில் இருந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் 10 கிலோமீட்டரைத் தாண்டி உள்ளே போனது. ஆலைகளை மட்டும் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. அதே அடுக்கிலிருந்து விவசாயப் போர்வெல்களும் இறைத்தன, நகரத்துக்கும் போனது, ஆற்று மணலும் அள்ளப்பட்டது. ஆனால் விளைவை அனுபவித்தவர்கள் யார் என்று பார்த்தால் நியாயம் வேறு மாதிரித் தெரிகிறது. ஆலை வேறு குழாய்க்கு மாறிக்கொண்டது. உப்பு ஏறிய கிணற்றை வைத்திருந்த விவசாயிக்கு மாற்றுக் குழாய் கிடையாது.

சென்னைக் குடிநீர் வாரியம் 1978-இல் அமைந்தது. சென்னை பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1987-இல் வந்தது. மீஞ்சூர் கரிக்கத் தொடங்கி வெகுநாள் ஆன பிறகு.

கேள்வி: கழிவுநீரை ஆலைகள் விலை கொடுத்து வாங்குவது உண்மையா? எப்போதிலிருந்து?

உண்மை. 1990-களின் தொடக்கத்திலிருந்தே. சென்னைத் தண்ணீர் வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

மணலி ஆலைகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மீஞ்சூர் நீர் கெட்டுப்போகிறது. ஏரி நீரைக் கேட்டால், பஞ்ச காலத்தில் ஊர் வாய்க்குப் போன பிறகுதான் கொதிகலனுக்கு. தண்ணீர் நின்றால் உற்பத்தி நிற்கும். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளிக் கொடுங்கையூரில், வடசென்னை முழுவதும் கழித்த நீர் தினமும் தவறாமல் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மழை பொய்த்தாலும் ஊர் குளிப்பதையும் கழுவுவதையும் நிறுத்தாதே!

வாரியம் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை, அதாவது நுண்ணுயிர்களை வைத்து அழுக்கை நீக்கும் கட்டம் வரை, சுத்திகரித்து விற்றது. எண்ணெய் ஆலையும் உர ஆலையும் அதை வாங்கித் தங்கள் வளாகத்திலேயே மேலும் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வு வழியாக உப்பை நீக்கிப் பயன்படுத்த ஆரம்பித்தன. இந்தியாவில் வேறு பல நகரங்கள் இதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கும் முன்பே மணலியில் அது அன்றாட வேலையாகிவிட்டது. யாரும் தொலைநோக்குடன் செய்ததாகச் சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லாமல் செய்தார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

கேள்வி: சாக்கடை நீரைச் சுத்தம் செய்து கொதிகலனுக்குள் விடுவது அவ்வளவு எளிதா?

எளிதில்லை. குடிக்கும் நீரைவிடக் கொதிகலன் நீர் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நாம் குடிக்கும் நீரில் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால் ருசிதான். கொதிகலனுக்குள் அதே சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் படிந்து, வெப்பம் கடத்தாமல் தடுத்து, கடைசியில் குழாயையே வெடிக்க வைக்கும்.

கழிவுநீருக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. சோப்பிலிருந்து வரும் பாஸ்பேட் பாறைபோல் படியும். அம்மோனியா, செம்பு கலந்த உலோகக் குழாய்களை அரிக்கும். மிச்சமிருக்கும் கரிமப்பொருளைத் தின்று கிருமிகள் ஆர்.ஓ. சவ்வின்மேல் வழுவழுப்பாகப் படலம் கட்டும். அதனால் முதலில் நுண்ணுயிர்களை வைத்து அழுக்கைத் தின்னவிட்டு, பிறகு வடிகட்டி, பிறகு மிக நுண்ணிய வடிகட்டியில் விட்டு, கடைசியில்தான் ஆர்.ஓ. உள்ளே போகும் நீரில் ஒரு பகுதி உப்பு அடர்ந்த கழிவாக வெளியேறும். அதை என்ன செய்வது என்பது தனித் தலைவலி.

கேள்வி: இன்று எவ்வளவு கழிவுநீர் இப்படி ஆலைகளுக்குப் போகிறது?

2019-இல் இரண்டு பெரிய நிலையங்களை வாரியமே தொடங்கியது. கொடுங்கையூரில் ஒன்று, மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு. கோயம்பேட்டில் ஒன்று, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்கு. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 45 எம்.எல்.டி., அதாவது 4.5 கோடி லிட்டர்.

இது எவ்வளவு என்று கையில் பிடிக்க ஒரு கணக்கு. இரண்டும் முழுத் திறனில் ஓர் ஆண்டு ஓடினால் ஏறத்தாழ 1.16 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1.081 டி.எம்.சி. ஊர் கழித்த நீரிலிருந்து ஒரு சோழவரம் ஏரியை எடுத்து ஆலைகளுக்குக் கொடுக்கலாம், அந்த அளவுக்கு ஏரி நீர் குடிக்க மிஞ்சும்.

அதே 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது நினைவிருக்கும். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சிகள் எல்லாம் அதைத்தான் காட்டின. அந்த நீர் சுத்திகரிக்கப்பட்ட இடம் கீழ்ப்பாக்கம், 1914-இல் கட்டிய அதே வளாகம். மேலே சொன்ன இரண்டு நிலையங்களின் ஒரு நாள் திறன் அப்படிப்பட்ட 36 ரயிலுக்குச் சமம். அவற்றைக் காட்ட ஒரு கேமராவும் வரவில்லை என்றே சொல்லலாம். சாக்கடைக்கு எவன் மாலை போடுவான்?

கேள்வி: டி.எம்.சி., எம்.சி.எஃப்.டி., எம்.எல்.டி. எல்லாம் குழப்புகிறதே?

எம்.சி.எஃப்.டி. என்றால் பத்து லட்சம் கன அடி, சுமார் 2.83 கோடி லிட்டர். அதில் ஆயிரம் சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. எம்.எல்.டி. என்பது ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர். முதல் இரண்டும் கிடக்கும் நீர், கடைசி ஓடும் நீர். ஏரிகளின் முழுக் கொள்ளளவு: செம்பரம்பாக்கம் 3,645, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. நான்கும் சேர்ந்து 11,257 எம்.சி.எஃப்.டி. நாளிதழில் "இந்த நான்கு ஏரிகளில் பாதி நீர்" என்று படித்தால் இந்த எண்ணைப் பாதியாக்கிப் பாருங்கள்.

கேள்வி: சாலையோரம் பல ஆண்டுகள் கிடந்த வீராணம் குழாய்கள் என்ன கதை?

ஆலைகள் தண்ணீர் குடிப்பவை மட்டுமல்ல, தண்ணீரைக் கொண்டுவரும் குழாயும் பம்பும் அங்கேதான் பிறக்கின்றன. அந்தப் பக்கம் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுவர 1960-களின் கடைசியில் திட்டம் போட்டார்கள். பெரிய விட்டமுள்ள முன்தகைவு கான்கிரீட் (உள்ளே கம்பியை இழுத்துக் கட்டி வலுவூட்டிய கான்கிரீட்) குழாய்களைச் செய்து தர ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். குழாய்கள் வந்தன, தண்ணீர் வரவில்லை. திட்டம் பாதியில் நின்றது, அதைச் சுற்றிய குற்றச்சாட்டுகள் சர்க்காரியா விசாரணை ஆணையம் வரை போயின. ஆள் நுழையும் அளவு பெரிய குழாய்கள் சாலையோரம் கிடந்து, வீடில்லாதவர்களுக்கு வீடாயின. மழைக்கு ஒதுங்கவாவது உதவியது அந்தக் குடிநீர்த் திட்டம்.

புதிய வீராணம் திட்டம் 2004-இல் நிறைவேறியது. 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 180 எம்.எல்.டி. கொண்டுவரும் ஏற்பாடு.

கேள்வி: கிருஷ்ணா நீரும் கடல்நீரும் வந்த பிறகு ஆலைப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

கிருஷ்ணா நீருக்கான ஒப்பந்தம் 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் போட்டது. தமிழக எல்லைக்கு வந்து சேர வேண்டியது ஆண்டுக்கு 12 டி.எம்.சி. ஆந்திரத்துக் கண்டலேறு அணை வழியாக முதல் நீர் பூண்டிக்கு வந்தது 1996-இல். பெரும்பாலான ஆண்டுகளில் வந்தது சொன்னதைவிடக் குறைவு. மேலே இருக்கும் விவசாயிக்குப் போக மிச்சம்தான் கீழே இருக்கும் நகரத்துக்கு என்பது எழுதாத ஒப்பந்தம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் முதலாவது 2010-இல் காட்டுப்பள்ளியில், ஒரு தனியார் நிறுவனம் கட்டி நடத்த, வாரியம் நீரை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் வந்தது. 100 எம்.எல்.டி. அதைப் பலரும் "மீஞ்சூர் பிளான்ட்" என்றே சொல்கிறார்கள். நன்னீர் கிடந்த மீஞ்சூரில் கடலை உள்ளே விட்டுவிட்டு, அதே மீஞ்சூரின் பெயரில் கடலை நன்னீராக்கிக்கொண்டிருக்கிறோம். நெம்மேலியில் 2013-இல் இன்னொரு 100, பிறகு 2024-இல் அங்கேயே 150.

இந்த நீர் மழையை எதிர்பார்ப்பதில்லை, மின்சாரத்தை எதிர்பார்க்கிறது. உப்பைப் பிரிக்க அவ்வளவு அழுத்தம் தேவை. கழிவுநீரில் உப்பு கடலில் இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு, ஆகவே அதே சவ்வில் குறைந்த மின்சாரத்தில் வேலை முடிகிறது. ஆலைக்கு எதைக் கொடுப்பது, வாய்க்கு எதைக் கொடுப்பது என்று கேட்டால் என் ஓட்டு எதற்கு என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

கேள்வி: கேன் தண்ணீர் கம்பெனிகளும் ஆலைகள்தானே?

ஆமாம், மற்ற ஆலைகள் நீரை வைத்து வேறொன்றைச் செய்கின்றன, இவை நீரையே பொருளாக்கி விற்கின்றன. புறநகர்க் கிராமத்துப் போர்வெல்லில் எடுத்து, ஆர்.ஓ. செய்து, 20 லிட்டர் கேனில் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறும் பையனிடம் இதைப் பற்றிக் கோபப்பட்டுப் பயனில்லை. குழாய்த் தண்ணீரை நம்பிக் குடித்த பழக்கம் நம்மிடமிருந்து போனதுதான் அந்தத் தொழிலின் மூலதனம்.

கேள்வி: தெருவில் நிற்கும் அடிபம்பு எங்கே செய்தது? அதன் கைப்பிடி ஏன் அவ்வளவு கனம்?

அது இந்தியா மார்க் 2. அதன் வரலாற்றில் சென்னைக்குப் பங்குண்டு. அதற்கு முன்பிருந்த வார்ப்பிரும்பு பம்புகள் வெளிநாட்டில் ஒரு வீட்டுக்காரர் அடிப்பதற்காக வடிவமைத்தவை. இங்கே ஊரே வரிசையில் நின்று காலையிலிருந்து இரவு வரை அடித்ததில் உடைந்து விழுந்தன. 1970-களில் சோலாப்பூரில் உருவான உறுதியான எஃகு பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் உதவியுடன் புது வடிவம் தயாரானது. கோவைப் பக்கம் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையில் அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலை அதைத் தயாரித்தது. பிறகு அது உலகின் பல நாடுகளுக்குப் போனது.

கைப்பிடி கனமாக இருப்பது தவறுதலாக அல்ல. குழாய்க்குள் ஆழத்தில் தொங்கும் கம்பியின் எடையை மறுபக்கத்தில் ஈடுகட்டத்தான் அது முழு இரும்புக் கோலாக இருக்கிறது. சென்னைக்காரர்கள் வீட்டு முற்றத்திலும் வேறொரு சின்ன அடிபம்பை வைத்திருப்பார்கள். அது போர்வெல்லில் இறங்குவதில்லை, தெருவில் ஓடும் மெட்ரோ வாட்டர் குழாயிலேயே மாட்டியிருக்கும். அழுத்தம் இல்லாத குழாயிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கைவலிக்க அடித்து எடுத்தால்தான் குடம் நிறையும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டுவிட்டால் அதுவும் காற்றைத்தான் துப்பும்.